ஊருக்குத் தெரியாத கல்லூரியில் மகளைச் சேர்க்கலாமா?

கேள்வி: என் மகள் இந்த வருடம் பிளஸ் டூ முடித்திருக்கிறாள். சின்ன வயதிலிருந்தே கணக்கு என்றால் அவளுக்கு உயிர். பள்ளியில் கணக்கு டீச்சர் சொல்லி, சென்னை மேத்தமேட்டிக்கல் இன்ஸ்டிட்யூட் (சி.எம்.ஐ.) நுழைவுத் தேர்வை எழுதினாள். கணிதமும் கணினி அறிவியலும் சேர்ந்த பி.எஸ்சி. ஹானர்ஸ் படிப்பில் இடம் கிடைத்துவிட்டது. ஆனால் அதற்கு முன்பே, சென்னைக்குப் பக்கத்தில் எல்லோருக்கும் பேர் தெரிந்த ஒரு தனியார் பல்கலைக்கழகத்தில் பி.டெக். கம்ப்யூட்டர் சயின்ஸுக்கு முன்பணம் கட்டியிருக்கிறோம். இப்போது வீட்டில் தினமும் இதே பேச்சு. "அப்படி ஒரு காலேஜ் பேரே கேள்விப்பட்டதில்லையே, டியூஷன் சென்டரா?" என்கிறார் என் நாத்தனார். "பி.எஸ்சி. படிக்கவா மெட்ராஸுக்கு அனுப்புறீங்க?" என்கிறார் மாமனார். கணவர் வாயே திறப்பதில்லை. நேற்று மகளே, "அம்மா, இது நிஜமாவே நல்ல இடந்தானா? நாளைக்கு யாரும் மதிக்க மாட்டாங்களோ?" என்று கேட்டுவிட்டாள். கடன் வாங்கித்தான் படிக்க வைக்க வேண்டும். எங்கள் குடும்பத்தில் இதை விசாரித்துச் சொல்ல ஆள் இல்லை. என்ன செய்யட்டும்?
– ஒரு தாய், தூத்துக்குடி

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் மகள் கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். அவளிடம் இதை அப்படியே படித்துக் காட்டுங்கள். நல்ல இடம்தான். இந்தியாவில் இளநிலையில் கணிதம் படிக்க மிகச் சிறந்த இடங்களை எண்ண ஒரு கை விரல்கள் போதும். அதில் இது ஒன்று. அந்த நுழைவுத் தேர்வில் தேறி இடம் வாங்கியிருக்கும் பெண், யாரிடமும் கூனிக் குறுகி நிற்கத் தேவையில்லை.

ஆனால் உங்கள் நாத்தனார் மேல் கோபப்படாதீர்கள். அவர் கேள்விப்படாததில் அவர் தப்பு எதுவும் இல்லை. ஒரு கல்லூரியின் பெயர் பொதுமக்கள் காதில் விழுவதற்கென்று சில வழிகள் இருக்கின்றன. அந்த வழி எதிலும் இந்த நிறுவனம் நடக்கவில்லை, அவ்வளவுதான்.

கிண்டி இன்ஜினியரிங் காலேஜை எடுத்துக்கொள்ளுங்கள். 1794-ல் நில அளவைப் பள்ளியாகத் தொடங்கியது. இருநூறு வருடத்துக்கு மேலாக அங்கே படித்தவர்கள் பொதுப்பணித் துறையிலும் மின்வாரியத்திலும் ரயில்வேயிலும் வேலை பார்த்து, ஊர் ஊராக மாற்றலாகிப் போயிருக்கிறார்கள். தாலுகாவுக்கு ஒரு கிண்டிக்காரர் இருந்திருப்பார். அப்படித்தான் அந்தப் பெயர் பரவியது. ஐ.ஐ.டி. என்ற பெயரைப் பட்டிதொட்டிக்கெல்லாம் கொண்டுபோனதில் நுழைவுத் தேர்வுப் பயிற்சி மையங்களுக்குப் பெரிய பங்கு உண்டு. எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கே அதற்கு ஃபவுண்டேஷன் கோர்ஸ் விற்கிறார்கள். தனியார் பல்கலைக்கழகங்களுக்கு நாளிதழில் முழுப்பக்க விளம்பரம், தெருத்தெருவாக வந்து பிள்ளைகளை ஏற்றிப்போகும் மஞ்சள் பஸ், பஸ்ஸின் முதுகு நிறையப் பெயர். வருடா வருடம் ஆயிரக்கணக்கில் சேர்க்கும் ஓர் இடத்தின் பெயர், பத்து வருடத்தில் எத்தனை வீட்டுத் திண்ணையில் பேசப்பட்டிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். சி.எம்.ஐ.யில் ஒரு வருடம் பி.எஸ்சி.க்குச் சேர்வோர் எல்லோரையும் கூட்டினாலும், அப்படிப்பட்ட பல்கலைக்கழகத்தின் ஒரே ஒரு துறையில் சேர்வோரைவிடக் குறைவு. பஸ் ஓடுவதில்லை, விளம்பரம் வருவதில்லை. சிறுசேரி சிப்காட்டில் இறங்கி வழி கேட்டால் டி.சி.எஸ். கட்டடத்தை யாரும் காட்டிவிடுவார்கள். அதே சிப்காட் வளாகத்துக்குள்தான் இந்த நிறுவனமும் இருக்கிறது, ஆனால் இதற்கு நாலு பேரிடம் கேட்க வேண்டியிருக்கும்.

ஆக, பெயர் பரவுவது பழமையாலும் ஆள் கணக்காலும் விளம்பரத்தாலும். படிப்பின் தரம் அதில் ஒரு காரணமாக இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். பெங்களூரில் இந்திய அறிவியல் கழகத்தின் கதையே இதற்குச் சாட்சி. 1909-லிருந்து இருக்கிறது. நாட்டின் ஆராய்ச்சி நிறுவனங்களில் முதல் வரிசை. உள்ளூர்க்காரர்களுக்கு இன்றைக்கும் அது 'டாடா இன்ஸ்டிட்யூட்'தான். சர் சி.வி. ராமன் இயக்குநராக இருந்த இடம் அது என்பது அந்த வழியாகத் தினம் பஸ்ஸில் போகிற எத்தனை பேருக்குத் தெரியும்? அதனால் அந்த இடத்துக்கு ஒரு குறையும் வந்துவிடவில்லை.

இப்போது நீங்கள் தூத்துக்குடிக்காரர் என்பதால் ஒரு விஷயம் சொல்கிறேன். உங்கள் ஊரில் ஸ்பிக் உரத் தொழிற்சாலையைத் தெரியாதவர் கிடையாது. இந்த நிறுவனம் 1989-ல் அந்த ஸ்பிக் நிறுவனத்தின் அறிவியல் அறக்கட்டளையில் ஒரு கணிதப் பள்ளியாகத்தான் பிறந்தது. தொடங்கியவர் சி.எஸ். சேஷாத்ரி. காஞ்சிபுரத்தில் பிறந்து, சென்னை லயோலா கல்லூரியில் படித்து, மும்பை டாடா ஆராய்ச்சி நிறுவனத்தில் உலகமே திரும்பிப் பார்க்கும் கணிதம் செய்தவர். லண்டன் ராயல் சொசைட்டி அவரைத் தன் உறுப்பினராகத் தேர்ந்தெடுத்தது. 2009-ல் பத்மபூஷண் விருது பெற்றார். 2020-ல் காலமானார். கணிதத்தில் வாழ்நாள் முழுக்க ஆராய்ச்சி செய்கிறவர்களே முதல் வருடப் பிள்ளைகளுக்கும் பாடம் எடுக்க வேண்டும் என்பது அவர் பிடிவாதமாக வைத்திருந்த எண்ணம். நம் நாட்டில் பொதுவாக ஆராய்ச்சி ஓரிடத்திலும் இளநிலைப் படிப்பு வேறிடத்திலும் நடந்துகொண்டிருந்த காலம் அது. மாமனாரிடம் பேசும்போது "ஸ்பிக் ஆரம்பிச்சு வச்ச கணக்கு நிறுவனம்" என்று தொடங்குங்கள். அவர் காது கொடுப்பார் என்று நினைக்கிறேன்.

அடுத்து நான் சொல்லப்போவதுதான் உங்கள் மகளின் பயத்துக்கு நேரான பதில். சி.எம்.ஐ.யில் பி.எஸ்சி. தொடங்கியது 1998-ல். அப்போது அதற்குப் பட்டம் கொடுக்கும் உரிமை கிடையாது. அங்கே படித்த பிள்ளைகளுக்குப் பட்டச் சான்றிதழ் போபாலில் உள்ள மத்தியப் பிரதேச போஜ் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் பெயரில் வந்தது. சென்னையில் விடுதியில் தங்கி முழுநேரம் படித்துவிட்டு, கையில் இருப்பது போபாலில் அஞ்சல்வழிக் கல்வி நடத்தும் ஒரு பல்கலைக்கழகத்தின் தாள்! இன்றைக்கு உங்கள் வீட்டில் நடக்கும் பேச்சு அந்த வீடுகளில் எப்படி நடந்திருக்கும் என்று ஊகித்துக்கொள்ளுங்கள். தானே பட்டம் கொடுக்க வழிசெய்யும் நிகர்நிலைப் பல்கலைக்கழகத் தகுதி கிடைத்தது 2006-ல்தான். ஆனால் அந்த ஆரம்ப வருடங்களில் படித்தவர்களில் பலர் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் முதல்தரமான பல்கலைக்கழகங்களில் முனைவர் படிப்புக்குப் போனார்கள். பாரிஸில் எகோல் நார்மல் என்ற, கணிதத்துக்கு உலகப்புகழ் பெற்ற கல்லூரிக்கு இங்கிருந்து மாணவர்கள் சென்று படித்துவரும் ஏற்பாடும் நடந்து வருகிறது.

எப்படி நடந்தது இது? முனைவர் படிப்புக்கு ஆள் எடுக்கிற குழுவில் உட்கார்ந்திருப்பவர்கள் கணிதப் பேராசிரியர்கள். அவர்கள் பார்ப்பது என்னென்ன பாடம் படித்தாய், யார் உனக்குப் பரிந்துரைக் கடிதம் எழுதியிருக்கிறார் என்பதை. கடிதம் எழுதியவர் யார் என்பது அவர்களுக்குத் தெரியும். அவருடைய ஆய்வுக் கட்டுரையைப் படித்திருப்பார்கள். தாளில் எந்த ஊர்ப் பல்கலைக்கழக முத்திரை இருக்கிறது என்பதற்கு அங்கே பெரிய வேலை இல்லை.

இதைத்தான் என்னிடம் வருகிற எல்லாப் பெற்றோரிடமும் சொல்கிறேன். கல்லூரியின் பெயர் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும் என்று அவசியமில்லை. உங்கள் பிள்ளையின் வாழ்க்கையில் கதவு திறக்கப்போகிறவர்கள் யாரோ, அவர்களுக்குத் தெரிந்திருந்தால் போதும். அடுத்த பத்து வருடத்தில் உங்கள் மகளைப் பற்றி முடிவெடுக்கப் போகிறவர்கள் யார் யார்? மேற்படிப்புக்கு எடுக்கும் பேராசிரியர்கள், வேலைக்கு எடுக்கும் தொழில்நுட்பத் தலைவர்கள், வங்கி மேலாளர். அந்தந்த மேசையில் இந்தப் பெயருக்கு என்ன மதிப்பு என்று தனித்தனியாகப் பாருங்கள்.

வேலை விஷயத்தில் எனக்கு நேரடி அனுபவம் உண்டு. இந்த ஆலோசனைப் பணிக்கு வருவதற்கு முன் பல வருடங்கள் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் ஆள் எடுக்கும் பிரிவில் இருந்தேன். ஒருமுறை வந்திருந்த விண்ணப்பங்களைப் பிரித்து அடுக்கிக்கொண்டிருந்த எங்கள் பிரிவுப் பெண், சி.எம்.ஐ. மாணவி ஒருத்தியின் விண்ணப்பத்தை "பி.எஸ்சி. மேத்ஸ்" என்று ஒதுக்கி வைத்திருந்தாள். சாயங்காலம் தொழில்நுட்பத் தலைவர் வந்து ஒதுக்கிய கட்டையும் புரட்டினார். அந்தத் தாளை உருவி மேலே வைத்தார். "இவங்களை நாளைக்கே வரச் சொல்லுங்க" என்றார். மறுநாள் வெள்ளைப் பலகை முன்னால் அந்தப் பெண்ணை நிற்க வைத்து, ஒரு வலைப்பின்னலில் குறைந்த செலவுள்ள பாதையைக் கண்டுபிடிக்கும் கணக்கைக் கொடுத்தார். அவள் விடையைச் சொல்லிவிட்டு நிறுத்தவில்லை. அது ஏன் எப்போதும் சரியாக வரும் என்று வரி வரியாக நிறுவிக் காட்டினாள், அதுவும் யாரும் கேட்காமலே. தலைவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு கேட்டது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

இந்தச் சம்பவத்தில் இரண்டு பக்கமும் இருப்பதைக் கவனியுங்கள். தலைவருக்குப் பெயர் தெரிந்திருந்தது. ஆனால் விண்ணப்பம் முதலில் ஒதுக்கப்பட்டதும் உண்மை. அவர் அன்று கட்டைப் புரட்டாமல் போயிருந்தால்? எனவே பெயர் தெரியாததால் நஷ்டமே வராது என்று உங்களுக்கு நான் சொல்ல மாட்டேன். மொத்தமாக ஆள் எடுக்கும் பெரிய ஐ.டி. நிறுவனங்கள் சில விண்ணப்பப் படிவத்திலேயே பி.இ., பி.டெக். மட்டும் என்று போட்டுவிடுகின்றன. பொதுத்துறை நிறுவனங்களில் பொறியாளர் பதவிக்கும் அப்படித்தான். அந்த வழிகள் உங்கள் மகளுக்கு வேண்டுமென்றால் பி.டெக். எடுப்பதே சரி. மற்றபடி யு.பி.எஸ்.சி., டி.என்.பி.எஸ்.சி. போன்ற தேர்வுகளில் பெரும்பாலான பதவிகளுக்கு ஏதாவதொரு பட்டம் போதும், எந்தக் கல்லூரி என்று யாரும் கேட்பதில்லை. கல்லூரி ஆசிரியர் பணிக்கு நெட் தேர்வும் முனைவர் பட்டமும்தான் பேசும்.

மாமனாரின் கேள்வி வேறு. அவருக்கு உறுத்துவது கல்லூரியின் பெயரைவிட பி.எஸ்சி. என்ற பட்டப் பெயர் என்று நினைக்கிறேன். நம் ஊரில் நாற்பது வருடமாக பி.இ. என்றால் கெட்டிக்காரப் பிள்ளை, பி.எஸ்சி. என்றால் சீட் கிடைக்காத பிள்ளை என்று ஒரு கணக்கு ஓடிக்கொண்டிருக்கிறது. பி.எஸ்சி. மேத்ஸ் என்றாலே அடுத்தது பி.எட்., அப்புறம் டீச்சர் வேலை என்று முடிவு கட்டிவிடுவார்கள். டீச்சர் வேலை ஒன்றும் மட்டமில்லை, உங்கள் மகளை இங்கே கொண்டுவந்து சேர்த்ததே ஒரு கணக்கு டீச்சர்தானே. ஆனால் இந்தப் படிப்பில் என்ன இருக்கிறது என்பதை அவருக்கு எடுத்துச் சொல்ல வேண்டும். கணிதத்தோடு அல்காரிதம், நிரலாக்கம், கணினிக் கோட்பாடு எல்லாம் பாடத்தில் உண்டு. முடித்தபின் அங்கேயே கணினி அறிவியலிலோ டேட்டா சயின்ஸிலோ எம்.எஸ்சி. போகலாம். பொறியியல், அறிவியல் மேற்படிப்புக்கான கேட் (GATE) தேர்வு எழுதலாம். கம்ப்யூட்டர் பக்கம் போகும் வழி அடைபட்டுவிடும் என்ற கவலை இந்தப் படிப்புக்குப் பொருந்தாது.

கல்யாணப் பேச்சை நீங்கள் எழுதவில்லை. ஆனால் அதுவும் மனதில் இருக்கும் என்று எனக்குத் தெரியும். பத்திரிகையில் பெண் பேருக்குப் பின்னால் பி.இ. என்று அச்சடித்தால்தான் மரியாதை என்று நினைக்கிற வீடுகள் இன்னும் இருக்கின்றன. அவளுக்கு இப்போது பதினேழு பதினெட்டு வயது. கல்யாணம் என்று வரும்போது அவள் பேருக்குப் பின்னால் இந்தப் பட்டத்தோடு வேறு எழுத்துக்களும் சேர்ந்திருக்கும். அதற்காக இப்போதே படிப்பைத் தீர்மானிக்காதீர்கள்.

இனி ஒரு முக்கியமான விஷயம். பெயர் தெரியாத இடம் என்பதாலேயே ஓர் இடம் உயர்ந்ததாகிவிடாது. யாருக்கும் தெரியாத, உண்மையிலேயே மோசமான கல்லூரிகள் நிறைய இருக்கின்றன. அவர்களும் "நாங்கள் விளம்பரம் செய்வதில்லை" என்று சொல்லிக்கொள்வார்கள். எப்படிப் பிரித்தறிவது? இணையதளத்தில் ஆசிரியர் பட்டியலைத் திறந்து, ஒவ்வொருவரும் எங்கே முனைவர் பட்டம் வாங்கினார், இப்போது என்ன ஆராய்ச்சி செய்கிறார் என்று பாருங்கள். பழைய மாணவர்கள் எங்கே போனார்கள் என்று கேளுங்கள். பெயர் ஊர் சொல்லி விவரம் தருகிறார்களா, அல்லது "நூறு சதவீத வேலைவாய்ப்பு" என்று பொத்தாம்பொதுவாகச் சொல்கிறார்களா? பழைய நுழைவுத் தேர்வுக் கேள்வித்தாள்களை வெளியிட்டிருக்கிறார்களா? சி.எம்.ஐ. வெளியிடுகிறது. உங்கள் மகள் அவற்றைப் போட்டுப் பார்த்துத்தான் தேர்வுக்குப் போயிருப்பாள். பல்கலைக்கழக மானியக் குழுவின் (யு.ஜி.சி.) பட்டியலில் பெயர் இருக்கிறதா என்பதும் கட்டாயம் பார்க்க வேண்டியது. அரசின் என்.ஐ.ஆர்.எஃப். தரவரிசையைப் பலர் வேதவாக்காக எடுத்துக்கொள்கிறார்கள். அதிலேயே 'பெர்செப்ஷன்' என்று ஒரு பகுதி உண்டு, நூற்றுக்குப் பத்து மதிப்பெண். ஒரு நிறுவனத்தைப் பற்றி மற்றவர்கள் என்ன நினைக்கிறார்கள் என்பதற்கான மதிப்பெண் அது. அது பத்துதான் என்பதை மனதில் வையுங்கள். அதோடு, கணிதம் மட்டுமே முக்கியமாகச் சொல்லித்தரும் ஒரு சிறிய இடத்தை எல்லாத் துறையும் உள்ள பெரிய பல்கலைக்கழகத்தோடு ஒரே வரிசையில் நிறுத்துவதிலும் அர்த்தமில்லை.

இவ்வளவு சொன்ன பிறகும் முடிவு இன்னொரு கேள்வியில்தான் தங்கியிருக்கிறது. உங்கள் மகளுக்குக் கணக்கு பிடிக்கும் என்று எழுதியிருக்கிறீர்கள். எந்தக் கணக்கு? சூத்திரத்தில் எண்களைப் போட்டு வேகமாக விடை கொண்டுவருவது பிடிக்குமா, அல்லது அந்தச் சூத்திரம் எங்கிருந்து வந்தது என்று உட்கார்ந்து மண்டையை உடைத்துக்கொள்வது பிடிக்குமா? சிறுசேரியில் முதல் மாதத்திலிருந்தே இரண்டாவது வகைதான். ஒரு கணக்கோடு இரண்டு நாள் மல்லுக்கட்டி, விடை வராமல் தூங்கப்போவது அங்கே சகஜம். பள்ளியில் எப்போதும் நூற்றுக்கு நூறு வாங்கிய பிள்ளைகள் அங்கே முதல்முறையாகத் திணறுவார்கள். சிலருக்கு அது மனதை உடைத்துவிடும். சிலருக்கு அதுதான் ருசி. நுழைவுத் தேர்வின் பழைய தாள்களில் நிறுவிக் காட்டச் சொல்லும் கேள்விகள் இருக்குமே, அவற்றைப் போடும்போது அவளுக்கு நேரம் போனது தெரிந்ததா தெரியவில்லையா என்று கேளுங்கள். அவள் முகத்தைப் பார்த்தாலே உங்களுக்குப் புரிந்துவிடும். அவளுக்குக் கோடிங், ஆப் செய்வது, சீக்கிரம் வேலைக்குப் போவது இவைதான் முக்கியம் என்றால், பி.டெக். போகட்டும். அதில் ஒரு தாழ்வும் இல்லை. பி.டெக். முடித்தபின் கணிதப் பக்கம் ஆசை திரும்பினால், எம்.எஸ்சி. கணினி அறிவியலுக்கு சி.எம்.ஐ. பொறியியல் படித்தவர்களையும் எடுக்கிறது.

முடிவெடுப்பதற்கு முன் அவளோடு உங்கள் கணவரையும் அழைத்துக்கொண்டு ஒரு தடவை சிறுசேரி போய்வாருங்கள். அலுவலகத்தில் கட்டணம், கட்டணச் சலுகை, உதவித்தொகை மூன்றையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அங்கே படிக்கும் தமிழ்நாட்டுப் பெண் பிள்ளைகள் இரண்டு பேரிடமாவது உங்கள் மகள் தனியாகப் பேசட்டும், நீங்கள் பக்கத்தில் இருக்க வேண்டாம். பேசாமலிருக்கும் கணவருக்கு இந்தப் பயணம் நல்லது செய்யும். வாதம் செய்ய விருப்பமில்லாத ஆண்கள் பலர், இடத்தைக் கண்ணால் பார்த்துவிட்டால் தெளிவாகிவிடுவதைக் கண்டிருக்கிறேன்.

கடன் பற்றி. வங்கி மேலாளரும் "இது என்ன காலேஜ்?" என்று கேட்கலாம். பதற வேண்டாம். சேர்க்கைக் கடிதம், ஒவ்வொரு வருடத்துக்குமான கட்டண விவரம், நிகர்நிலைப் பல்கலைக்கழகமாக அறிவித்த அரசாணையின் நகல் ஆகியவற்றை நிறுவனத்திடமே வாங்கிக்கொண்டு போங்கள். வங்கிகளின் பொதுவான கல்விக் கடன் திட்டத்தில் நான்கு லட்சம் வரை நாம் கையிலிருந்து பங்கு போட வேண்டியதில்லை, ஏழரை லட்சம் வரை சொத்து அடமானமும் கேட்கக் கூடாது. கிளையில் மறுத்தால், மறுப்புக்கான காரணத்தை எழுத்தில் கேளுங்கள். பெரும்பாலும் அந்த இடத்திலேயே பேச்சு மாறிவிடும்.

கடைசியாக, தனியார் பல்கலைக்கழகத்தில் கட்டிய முன்பணம். அது போய்விடுமே என்பதற்காக மகளை அங்கே சேர்க்காதீர்கள். மாணவர் விலகினால் கட்டணத்தைத் திருப்பித் தருவதற்கு யு.ஜி.சி. விதி இருக்கிறது. எவ்வளவு சீக்கிரம் விலகுகிறீர்களோ அந்த அளவுக்குப் பிடித்தம் குறையும். இந்தக் கல்வியாண்டுக்கான கடைசித் தேதியை யு.ஜி.சி. இணையதளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். அசல் சான்றிதழ்களைக் கொடுத்திருந்தால் அவற்றைப் பிடித்து வைத்துக்கொள்ளவும் அவர்களுக்கு அனுமதி இல்லை. விலகுவதென்று முடிவானால் ஃபோனில் சொல்லிவிட்டு விடாதீர்கள். மகள் பெயரில் மின்னஞ்சல் அனுப்புங்கள், அதில் விண்ணப்ப எண்ணும் பணம் கட்டிய ரசீதும் இருக்கட்டும், பதில் வரும்வரை அந்த மின்னஞ்சலை அழிக்காதீர்கள். முப்பது நாளில் பதில் வராவிட்டால் எனக்கு எழுதுங்கள், யு.ஜி.சி.க்குப் புகார் எழுத நான் உதவுகிறேன்.